நின்ற டிராக்டர் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

செட்டிநாட்டுப் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் ஒரு போகம் நெல், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. டிராக்டருக்கும் அதே கணக்குதான். ஆவணி, புரட்டாசியில் புழுதி உழவு. ஐப்பசி மழை இறங்கினால் தொளி, அதாவது சேற்று உழவு. தை, மாசியில் நெல் மூட்டையைப் புதுவயல் ஊர் மில்லுக்கு இழுக்கும் வேலை. கோடையில் அனுமதி வாங்கிக் கண்மாயின் வண்டல் மண்ணான கரம்பையை அள்ளி வயலில் கொட்டி, பின்னால் பிளேடு மாட்டி நிரவுவோம். இடையில் வருகிற மாதங்களில் வண்டி தகரக் கொட்டகையில் சும்மா நிற்கும்.

எங்கள் வீட்டு வண்டி 35 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், 1986 மாடல். அப்பாவுக்குப் பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: இந்த வண்டி ஓடிக் கெட்டதைவிட நின்று கெட்டதே அதிகம். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்டுக்கொள்வேன். நின்ற காலத்தில் உள்ளே என்ன போயிருக்கும்? தண்ணீர், தூசி, குளவி, எலி. உள்ளிருந்து என்ன போயிருக்கும்? கரண்டு, ஆயில், டீசல். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. டீசல் பம்பைக் கழற்றுவது, இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டைத் திறப்பது எல்லாம் அதற்குப் பிறகு வருகிற பேச்சு.

கை வைக்குமுன் வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும், பிரேக் பூட்டியிருக்க வேண்டும், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்திருக்க வேண்டும், பிளேடோ கலப்பையோ தரையில் இறங்கியிருக்க வேண்டும். தூக்கி நிற்கும் பிளேடுக்கு அடியில் யாரும் தலையை விடக்கூடாது. உள்ளே ஒரு சீல் விட்டாலும், யாராவது தெரியாமல் லீவரைத் தட்டிவிட்டாலும் அது அப்படியே கீழே இறங்கிவிடும்.

சாவியைத் திருப்பினால் ஒன்றுமே இல்லை, அல்லது "டக்" என்று ஒரு சத்தம் மட்டும்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் படுத்துவிட்டால் பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லை டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. வெளிச்சம் அசையாமல் நின்று, இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ப் மோட்டார் மட்டும் பேசாமல் இருந்தால் சாலினாய்டு (செல்புக்குக் கரண்டை விடும் சுவிட்ச்), அதற்குப் போகும் சின்ன ஒயர், சாவி சுவிட்ச் ஆகிய மூன்றைப் பாருங்கள். சில வண்டியில் கியர் லீவரிலோ கிளட்சிலோ ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும். அதில் மண் அடைத்திருந்தாலும் இதே கதைதான். லைட்டே எரியவில்லை என்றால் பேட்டரி முழுக்கச் செத்திருக்கும், அல்லது எர்த் ஒயர் விட்டிருக்கும்.

பத்தில் எட்டு முறை டெர்மினல்தான். மூடியைத் தூக்கிப் பார்த்தால் ஈயத்தின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். மேலே இறுக்கமாகத் தெரிந்தாலும் அடியில் கரண்டு போகாது. மைனஸ் ஒயரை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். இந்த வரிசை மாறி ஸ்பானர் பாடியில் பட்டால் நெருப்புப் பறக்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பச் சோடா கரைத்து, பேட்டரிக்குள் இறங்காமல் டெர்மினல் மேல் மட்டும் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, உப்புத்தாளால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். எர்த் ஒயர் பாடியில் பூட்டியிருக்கும் இடத்தையும் மறக்காதீர்கள். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து, அதன் மேல் துருவும் ஏறி, அந்த ஒரு போல்ட்டால் இரண்டு செல்ப் மோட்டார் மாற்றிய வீடு எனக்குத் தெரியும்.

அப்புறம் மீட்டர் வைத்துப் பாருங்கள். நல்ல 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏறி ஓய்ந்த நிலையில் 12.6 காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்கும் கீழே போய்விட்டால், சார்ஜ் போடாமல் செல்பைத் திரும்பத் திரும்ப அடிப்பது செல்புக்கும் கேடு, பேட்டரிக்கும் கேடு. செல்ப் சுற்றும்போது ஒருவர் மீட்டரைப் பார்க்கட்டும். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வலு இல்லை.

நம்மூர் வெயிலில் பேட்டரி சும்மா இருந்தாலே இறங்கும். இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகிப்போய், பிறகு சார்ஜ் போட்டாலும் ஏறாது. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர்த் தண்ணீரில் இருக்கிற உப்பு தகட்டைத் தின்றுவிடும். பேட்டரியும் துருவும் ஆராய்வதற்கென்றே, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் சந்தைக்குப் போகிறோம். வீட்டுப் பேட்டரியை மாதம் ஒருமுறையாவது திறந்து பார்ப்போம்.

செல்ப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்பட்டுப் பம்பில் கை வைக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். இன்ஜினைச் சுற்றவிட்டு சைலன்சர் வாயைப் பாருங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்பை அடிக்காதீர்கள். ஒரு நிமிடமாவது ஆறவிட்டு அடியுங்கள்.

புகை இல்லாத கேஸை முதலில் எடுத்துக்கொள்வோம். இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் குமிழ் முழுக்க உள்ளே போயிருக்கிறதா? நின்ற வண்டியில் அந்தக் கம்பி உறைக்குள் துருப்பிடித்துப் பாதியில் நிற்கும். குமிழ் உள்ளே போன மாதிரித் தெரியும், பம்பில் இருக்கும் சின்ன லீவர் மட்டும் திரும்பியிருக்காது. லீவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். அடுத்து, டேங்க் அடியில் இருக்கும் டீசல் காக் திறந்திருக்கிறதா? அதற்கடுத்து டேங்க் மூடி. மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. அது மண்ணால் அடைத்திருந்தால் வண்டி கொஞ்ச தூரம் ஓடி, மூச்சு முட்டி நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் துளைதான் காரணம்.

இவையெல்லாம் சரி என்றால் தண்ணீர். பாதி டேங்க் டீசலோடு நின்ற வண்டியில், காலியான பாதியில் இருக்கும் காற்றின் ஈரம் இரவுக் குளிர்ச்சியில் தகரத்தில் வேர்த்து, சொட்டுச் சொட்டாக டீசலுக்கு அடியில் போய்ச் சேரும். முதல் பில்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தால் மேலே தேன் நிறத்தில் டீசல், அடியில் நீர்க்குமிழ் உருண்டுகொண்டு கிடக்கும். பாட்டிலைச் சாய்த்தால் அது பாதரசம் மாதிரி தனியாக ஓடும். அதோடு கருப்பாகக் கோழை மாதிரி ஏதாவது வந்தால், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் கிருமிப் பாசி. அப்போது பில்டரை மட்டும் மாற்றினால் போதாது, டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டும்.

பில்டரைத் திறந்தால் காற்று புகும். "ஏர் பிடிச்சிருக்கு" என்று சொல்வது இதைத்தான். டீசல் இன்ஜினில் ஒரு குமிழ் காற்று இருந்தாலும் போதும், பம்ப் டீசலை அழுத்துவதற்குப் பதிலாகக் காற்றை அழுத்திக்கொண்டிருக்கும், டீசலைச் சிலிண்டருக்குள் தூவும் நாசில் திறக்காது. ஏர் எடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. டேங்கிலிருந்து இன்ஜின் நோக்கிப் போக வேண்டும். தலைகீழாகப் போனால் எடுத்த ஏர் திரும்ப வந்துவிடும்.

முதல் பில்டரின் மேல் திருகை இரண்டு சுற்று தளர்த்துங்கள். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பீட் பம்பின் கை லீவரை அடியுங்கள். லீவர் லொடலொடவென்று வலுவே இல்லாமல் ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே அதை இயக்கும் கேம் உச்சியில் நின்றிருக்கலாம். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடித்தால் வலு தெரியும். திருகின் ஓரத்தில் முதலில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகக் கக்கும், அப்புறம் விட்டுவிட்டு வரும், கடைசியில் குமிழே இல்லாமல் ஒரே ஒழுக்காக வழியும். அந்த ஒழுக்கு வரும்வரை பொறுமையாக அடித்து, வழியும்போதே திருகை இறுக்குங்கள். நின்ற பிறகு இறுக்கினால் கடைசி நேரத்தில் ஒரு மூச்சுக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதே மாதிரி இரண்டாவது பில்டர், பிறகு நாசிலுக்கு டீசலை அழுத்தும் பெரிய பம்பில் இருக்கும் ஏர் திருகு. எல்லாவற்றுக்கும் கடைசியில் நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுக்க வைத்து, ஒருவர் செல்ப் அடிக்கட்டும். நட்டடியில் டீசல் விட்டுவிட்டு எட்டிப் பார்த்ததும் இறுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. நாசில் பைப்பிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அளவுக்கு அழுத்தம் உள்ளது. விரலை வைத்துக் கசிவைத் தேடாதீர்கள், அட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்திய மாதிரிதான் தெரியும், வலிகூட இருக்காது. ஆனால் உள்ளே போன டீசல் விரலையே எடுக்கும் நிலைமைக்குக் கொண்டுபோய்விடும். அப்படிப் பட்டால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரி. நடந்ததை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஏர் எடுத்து இரண்டு நாளில் மறுபடி ஏர் பிடித்தால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது. டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய், கிளிப், செம்பு வாஷர். இந்தப் பக்கம் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. போன வருடம் ஐப்பசியில் எங்களுக்கு மூன்று நாள் போனது இதில்தான். வயலில் தண்ணீர் நிற்கிறது, வண்டி ஓட்டும் தம்பி, "அண்ணே, பம்பைக் கழட்டிக் கொண்டுபோயிருவோம்ணே" என்று நிற்கிறான். கடைசியில் பார்த்தால், பழைய செம்பு வாஷரைத் திருப்பிப் போட்டு இறுக்கியிருக்கிறேன். ஒரு முறை நசுங்கிய வாஷர் மறுமுறை பிடிக்காது. புது வாஷர் போட்டதும் அடுத்த அரை மணியில் தொளியில் இறங்கிவிட்டோம். ஒரு டப்பாவில் பத்து வாஷர் எப்போதும் வைத்திருங்கள்.

இன்னொன்று. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். நின்ற வண்டியில் ஆயில் மட்டம் தானாக உயர்ந்து, மோந்து பார்த்தால் டீசல் வாசம் அடித்தால், பீட் பம்ப் உள்ளே இருக்கும் டயபிரம் என்ற மெல்லிய தடுப்பு கிழிந்து டீசல் இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்குள் இறங்குகிறது. அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டாதீர்கள். டயபிரத்தை மாற்றி, ஆயிலையும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால், செல்ப் போதிய வேகத்தில் சுற்றவில்லை (பேட்டரிக்குத் திரும்பிப் போங்கள்), நாசில் தூவாமல் சொட்டுகிறது, அல்லது கம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் வலு) குறைவு. கடைசி இரண்டும் மெக்கானிக் வேலை.

பிடிக்கிறது, ஆனால் கரும்புகை கக்குகிறது, இழுவை இல்லை

கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. நம் பக்கம் செம்மண் புழுதி மாவு மாதிரி. பழைய வண்டியில் ஏர் கிளீனர் எண்ணெய்க் கிண்ண வகை. காற்று எண்ணெயில் முட்டித் திரும்பும்போது தூசி எண்ணெயில் படியும். புழுதி உழவு நாட்களில் தினமும் கிண்ணத்தை இறக்கிப் பாருங்கள். அடியில் விரலை விட்டால் சேறு தட்டுப்படும். சேறு தட்டுப்பட்டால் டீசலில் கழுவி, கிண்ணத்தில் இருக்கும் கோடுவரை புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டி ஊற்ற வேண்டாம். மிச்ச ஆயிலை இன்ஜின் உறிஞ்சி அதையே எரித்துக்கொண்டு ஓடும். அப்போது ஸ்டாப் குமிழை இழுத்தாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஆனால் காற்று வாயைப் பலகையாலோ தடித்த சாக்காலோ அடைப்பதுதான் வழி. வெறும் கையை வைத்துவிடாதீர்கள்.

நின்ற வண்டியில் வேறு ஒன்று உண்டு: குளவிக்கூடு. ஏர் கிளீனர் குழாய், சைலன்சர் வாய், இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாய், எங்கெல்லாம் விரல் அளவு துளை இருக்கிறதோ அங்கெல்லாம் குளவி மண்ணைக் குழைத்துக் கட்டிவிடும். எங்கள் வண்டியில் ஏர் கிளீனர் தலைக் குழாய்க்குள் மூன்று அறைகளோடு ஒரு கூடு இருந்தது. உடைத்தால் உள்ளே பச்சைப் புழுக்களை அடுக்கி வைத்திருந்தது. அந்தக் குழாயைக் கழற்றிக் கம்பியில் துணி சுற்றித் துடைத்ததும் கரும்புகை நின்றது. அதற்கு முன் நாசில் மூன்றையும் கழற்றிச் சோதனைக்கு அனுப்பியிருந்தேன். நாசிலில் ஒரு குறையும் இல்லை.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயில் அதிகம் இல்லை என்று உறுதி செய்த பிறகு இன்ஜினுக்குள் இருக்கும் ரிங், வால்வு கைடு தேய்மானம் பக்கம் யோசிக்கலாம். நீண்ட நாள் நின்று ஸ்டார்ட் ஆன முதல் சில நிமிடம் நீலம் வந்து, வேலை கொடுத்ததும் மறைந்தால் கவலை வேண்டாம். வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போயிருக்கிறது. அதை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சூடு ஏறுகிறது

ரேடியேட்டருக்கு முன்னால் குனிந்து, பின்பக்கம் ஒரு டார்ச்சை அடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் துடுப்புகளுக்கு நடுவே வைக்கோல் தூசி, எருக்கம் பஞ்சு, சீமைக்கருவேல இலை எல்லாம் நெய்த மாதிரி அடைத்திருக்கிறது. இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் பீய்ச்சுங்கள். முன்னிருந்து பீய்ச்சினால் குப்பை இன்னும் உள்ளேதான் போய் இறுகும். பேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவு இறங்க வேண்டும். அதைவிடத் தொங்கினால் இறுக்குங்கள்.

போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றியே பாதி வண்டிகள் கெடுகின்றன. கெட்டில் அடியில் படிகிற அதே வெள்ளைக் கப்பி இன்ஜின் தண்ணீர் வழியிலும் படியும். பழைய வளவு வீட்டில் முற்றத்தில் விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைக்கும் பழக்கம் இன்னும் இருந்தால் அதுதான் ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர். அதோடு கூலன்ட் கலந்துவிடுங்கள், துருப்பிடிக்காது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பாயும். கொதித்த இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். மெதுவாக ஓடவிட்டு ஆறட்டும்.

இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். அது இல்லாத இன்ஜின் தன் சூட்டை எட்டவே எட்டாது, ஆயில் கருக்கும், தேய்மானம் கூடும்.

ஹைட்ராலிக் தூக்கவில்லை

பின்னால் இருக்கும் மூன்று முனை இணைப்பும், கலப்பை இழுவைக்குத் தக்கபடி தானாக ஏறி இறங்கும் ஹைட்ராலிக்கும் ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரரின் யோசனை. 1920-களில் அவர் காப்புரிமை வாங்கிய அந்த அமைப்புதான் இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுகிறது. அந்தப் பழைய வழியில் வந்த எங்கள் வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் பின் அச்சுப் பெட்டியின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி, வெளிக் கருவிகளைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. தண்டால் சுற்றுகிறது. அதனால் பி.டி.ஓ. லீவர் நியூட்ரலில் இருந்தால் பம்பும் சுற்றாது. தூக்கவில்லை என்று யாராவது கூப்பிட்டால் நான் கேட்கும் முதல் கேள்வி, "பி.டி.ஓ. லீவர் எங்கே இருக்கு?" என்பதுதான். உங்கள் வண்டியில் எப்படி என்று புத்தகத்தைப் பாருங்கள், எல்லாவற்றிலும் இப்படி இருக்காது.

அடுத்து ஆயில். மட்டத் திருகைக் கழற்றினால் ஆயில் வழிய வேண்டும். வழிந்தது பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தொளியில் இடுப்பளவு சேற்றில் நின்ற வண்டியில் இது சகஜம். பழைய சீல் வழியாக, கியர் லீவர் ரப்பர் வழியாக, மழையில் நனைந்து நின்றதாலும்கூட உள்ளே இறங்கும். இரவெல்லாம் நிற்கவிட்டுக் காலையில் அடித் திருகைத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் மட்டும் வரும். ஆயிலே பால் ஆகிவிட்டால் முழுக்க மாற்ற வேண்டியதுதான். செலவுதான், ஆனால் அந்த ஆயிலில்தான் கியரும் இருக்கிறது.

தூக்குகிறது, ஆனால் இன்ஜினை நிறுத்தியதும் பிளேடு சரசரவென்று இறங்கிவிடுகிறது என்றால் பம்பில் குறை இல்லை. உள்ளே சிலிண்டர் சீலோ கன்ட்ரோல் வால்வோ கசிகிறது. தூக்கும்போது விட்டுவிட்டு நடுங்கினால் ஆயில் குறைவு, அல்லது பம்ப் உறிஞ்சும் வலை அடைப்பு.

பிளேடு தரையைக் குடைந்தும் தாண்டியும் அலை அலையாகப் போகிறதா? இது கோளாறு இல்லை, லீவர் தவறு. இழுவையைப் பார்த்துத் தானாக ஏறி இறங்கும் டிராப்ட் லீவர் கலப்பைக்கானது. கரம்பை நிரவும்போது பிளேடு ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், அதற்கு பொசிஷன் லீவர். மூன்று முனையில் மேல் கம்பியான டாப் லிங்கைத் திருப்புவதாக இருந்தால் ஒரு தடவைக்கு ஒரு சுற்று மட்டும், பத்தடி ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த சுற்று. இறுகிக் கிடக்கும் செம்மண்ணில் நேராகப் பிளேடைப் போடாதீர்கள். முதலில் ஒன்பது கொழு உள்ள கலப்பையால் கீறிவிட்டு, இளகிய மண்ணைத் தள்ளுங்கள். பழைய வண்டியின் லிப்ட் கை, பூட்டு ஆணி, பின் அச்சு எல்லாம் தேயாமல் மிச்சமாகும்.

கிளட்சை மிதித்தும் கியர் விழாமல் கரகரக்கிறது

மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருவால் இன்ஜினின் பிளைவீல் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பெடலின் சும்மா ஆடும் தூரம் ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், தேவைப்பட்டால் சரிசெய்யுங்கள். அது சரியாக இருந்தால், இன்ஜினை நியூட்ரலில் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். நிறுத்தி, ஆள் நடமாட்டமே இல்லாத திறந்த வெளியில், கிளட்சை அழுத்திய காலோடு மேல் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்து, பிரேக்கை விட்டுவிட்டு அழுத்தினால் பெரும்பாலும் "டப்" என்று விடும். ஸ்டார்ட் ஆன உடனே வண்டி நகரும் என்பதை மனதில் வைத்து, முன்னால் வரப்பு, கிணறு, சுவர் எதுவும் இல்லாத இடமாகப் பாருங்கள். இரண்டு மூன்று தடவையில் விடவில்லை என்றால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

சேற்றில் பதிந்து, முன் சக்கரம் தூக்குகிறது

இதற்கு மட்டும் கையில் ஸ்பானர் வேண்டாம், நிதானம் வேண்டும். பின் சக்கரம் புதைந்து நகராதபோது முன் கியரில் கிளட்சைப் பட்டென்று விட்டால், சக்கரம் சுற்றுவதற்குப் பதில் வண்டியே பின் அச்சைச் சுற்றி எழும்பும். முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழ்வதற்கு இரண்டு நொடி போதும், அதற்குள் யாராலும் குதிக்க முடியாது. சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி ஏற்றுவதும், டாப் லிங்க் இருக்கும் உயரத்தில் சங்கிலி மாட்டி இழுப்பதும் இதைத்தான் வரவழைக்கும். ரிவர்ஸ் கியரில் மெல்ல வெளியே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் சக்கரத்தைச் சுற்றி மண்ணை வெட்டிவிட்டு, இன்னொரு வண்டியால் இழுங்கள். சங்கிலியைத் தாழ இருக்கும் டிராபார் என்ற இழுவைப் பட்டையில்தான் மாட்ட வேண்டும். இழுக்கும்போது சங்கிலிக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது. சேற்று உழவுக்கான இரும்புக் கேஜ் வீல் மாட்டிய வண்டியும் தொளியில் இப்படி எழும்பும். முன்னால் வெயிட் பூட்டாமல் இறக்காதீர்கள்.

சார்ஜ் விளக்கு அணையவில்லை, ஆயில் பிரஷர் குறைகிறது

சார்ஜ் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் பெல்ட்டையும், டைனமோவுக்குப் போகும் ஒயரையும் பாருங்கள். ஒயரை எலி கடித்திருந்தால் சட்டைக் கிழிசல் மாதிரிச் செம்பு தெரியும். ஆயில் விளக்கு என்றால் அந்த நொடியே இன்ஜினை நிறுத்துங்கள். மட்டம் சரியாக இருந்தும் எரிந்தால், வேறொரு கேஜை மாட்டிச் சரிபார்த்த பிறகே மறுபடி ஓட்டுங்கள்.

மறுபடி நிறுத்தும்போது

கோடை வேலை முடிந்ததும் டேங்கை மூடி வாய்வரை டீசலால் நிரப்புவேன், வேர்க்க இடம் இருக்காது. பில்டர் கிண்ணத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, ஆயிலை அப்போதே மாற்றுவேன். எரிந்த கழிவோடு இருக்கும் பழைய ஆயில் நின்ற மாதங்களில் பேரிங்கை அரிக்கும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து மாதம் ஒரு முறை சார்ஜ். கிளட்ச் பெடலை அழுத்தி ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து வைத்தால் பிளேட் ஒட்டாது. பிளேடைத் தரையில் இறக்கி வைத்து, டயருக்கு அடியில் பலகை. சைலன்சர் வாய்க்கு ஒரு பெயின்ட் டப்பா, ஏர் கிளீனர் தலைக்கு ஒரு துணி.

பிறகு ஓர் அட்டையில் "டப்பா, துணி, கட்டை, பேட்டரி" என்று எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுவேன். ஆவணியில் யார் வந்து உட்கார்ந்தாலும், முதல் மூன்றையும் எடுத்து, பேட்டரியை மாட்டிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.